'இல்லை' என்று கம்ப்யூட்டர் சொன்னால் நம்பலாமா?
நூல் பட்டியலின் தரத்தைச் சோதிக்க ஓர் எளிய பாடம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் செய்து பார்க்கும் வேலைகளில் ஒன்று பட்டியல் போடுவது. வீட்டில் உள்ள புத்தகங்கள், பாட்டு சிடிக்கள், கடைக் கணக்கு என்று எதையாவது எக்ஸெல்லில் டைப் செய்து வைப்போம். பிறகு தேடுவோம். கிடைத்தால் மகிழ்ச்சி. கிடைக்காவிட்டால் 'இல்லை' என்று முடிவு செய்துவிடுவோம். அந்த முடிவு சரியா என்று யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. இத்தனைக்கும் நான் பொறியியல் படித்துவிட்டு, சாஃப்ட்வேர் நிறுவனத்தில் டேட்டாபேஸ் வேலை பார்ப்பவன்!

நடந்தது என்ன?

என் சொந்த ஊர் சங்கரன்கோவில். சென்ற ஆண்டு ஆடித்தபசுக்கு விடுமுறை எடுத்து ஊருக்குப் போயிருந்தேன். என் பெரியப்பா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். வீட்டு முன்னறையில் 412 புத்தகங்கள் வைத்திருக்கிறார். தெருப் பிள்ளைகள் வந்து எடுத்துப் போவார்கள். அவருக்கு உதவியாக இருக்கட்டும் என்று இரண்டே நாளில் எல்லாப் புத்தகங்களையும் எக்ஸெல்லில் ஏற்றிக் கொடுத்தேன். தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, பொருள் என்று நான்கு நெடுவரிசைகள். 'பொருள்' என்ற இடத்தில் வரலாறு, நாவல், தொழில் என்று புத்தகத்துக்கு ஒரு சொல் போட்டேன்.

மூன்றாம் நாள் அடுத்த தெருப் பெண் ஒருத்தி வந்தாள். எம்.ஏ. வரலாறு படிப்பவள். அவள் அப்பா விசைத்தறித் தொழிலாளி. அந்தத் தொழிலைப் பற்றியே ஆய்வேடு எழுத ஆசை. திங்கட்கிழமைக்குள் தலைப்பைக் கொடுத்தாக வேண்டும். "நெசவு பத்தி புஸ்தகம் இருக்காண்ணே?" என்று கேட்டாள். பெரியப்பா வெளியூர் போயிருந்தார். நான் கன்ட்ரோல் கீயுடன் எஃப் கீயை அழுத்தி, 'நெசவு' என்று டைப் செய்தேன். நான்கு புத்தகங்கள் வந்தன. ஒன்று கவிதைத் தொகுப்பு. பெயரில் மட்டும்தான் நெசவு. "மூணுதான்மா இருக்கு" என்றேன். மூன்று புத்தகத்தை வைத்து என்ன எழுதுவது? அவள் தலைப்பை மாற்றிக் கொடுத்துவிட்டாள்.

பெரியப்பா திரும்பி வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவர் லேப்டாப் பக்கமே திரும்பவில்லை. நேராக அலமாரிக்குப் போய் ஒவ்வொன்றாக உருவி மேஜையில் வைத்தார். நானும் கூடத் தேடினேன். மொத்தம் பத்து! "ஏல, மிஷினு இல்லைன்னு சொன்னா இல்லைன்னு ஆயிருமால?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

இதில் எக்ஸெல் மீது ஒரு தவறும் இல்லை. நான் கொடுத்த பொருள் சொற்கள்தான் தவறு. இந்த வேலைக்கு நூலகத் துறையில் சப்ஜெக்ட் இண்டெக்ஸிங் என்று பெயர். ஒரு நூல் எதைப் பற்றியது என்று முடிவு செய்து, தேடுபவர் கண்டுபிடிக்கத் தகுந்த சொற்களை அதற்குச் சூட்டுவது. அது நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறதா என்று அளந்து பார்க்க வழிகள் உண்டு. அவற்றை வீட்டிலேயே செய்யலாம். இந்தப் பாடம் அதைப் பற்றித்தான்.

இரண்டு அளவுகள்

முதல் அளவு ரீகால். இருப்பதில் எவ்வளவு கைக்கு வந்தது? பெரியப்பாவிடம் நெசவு பற்றி இருந்தவை 10. தேடலில் வந்தவை 3. ஆக ரீகால் 30 சதவீதம்.

இரண்டாவது அளவு பிரிசிஷன். வந்ததில் எவ்வளவு பயன்பட்டது? வந்தவை 4. அவற்றில் பொருத்தமானவை 3. ஆக பிரிசிஷன் 75 சதவீதம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பிரிசிஷன் குறைந்தால் நமக்கு உடனே தெரிந்துவிடும். வேண்டாதது திரையில் தோன்றும், எரிச்சல் வரும். ரீகால் குறைந்தால் எதுவுமே தெரியாது. வராத புத்தகம் 'நான் வரவில்லை' என்று சொல்லாதே! அதனால்தான் ரீகாலை வேண்டுமென்றே சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்தச் சோதனை முறையைப் பெரிய அளவில் செய்து காட்டியவர் சிரில் கிளெவர்டன். இங்கிலாந்தில் கிரான்ஃபீல்டு விமானவியல் கல்லூரியின் நூலகர். 1950களின் இறுதியில் தொடங்கிய முதல் சோதனையில் 18,000 ஆவணங்களை எடுத்துக்கொண்டு, நான்கு விதமான இண்டெக்ஸிங் முறைகளை ஒப்பிட்டார். நான்கிலும் ரீகால் ஏறத்தாழ 74 முதல் 82 சதவீதத்துக்குள்தான் இருந்தது. எந்த முறையும் நூற்றுக்கு நூறு கொண்டுவரவில்லை.

ஆனால் ஒரு கேள்வி எழும். பெரிய டேட்டாபேஸில் மொத்தம் எத்தனை இருக்கிறது என்று தெரியாதே, ரீகாலை எப்படிக் கணக்கிடுவது? கிளெவர்டன் அதற்கும் வழி சொன்னார். உள்ளே இருப்பது உறுதியாகத் தெரிந்த ஓர் ஆவணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது எந்தக் கேள்விக்குப் பதில் ஆகுமோ அந்தக் கேள்வியை வைத்துத் தேடுங்கள். அது வருகிறதா என்று பாருங்கள். இதுபோல் பல ஆவணங்களுக்குச் செய்தால் விவரம் தெரிந்துவிடும்.

நீங்களே செய்து பாருங்கள்

படி 1: உங்கள் பட்டியலில் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த பத்துப் புத்தகங்களைத் தேர்ந்தெடுங்கள். பட்டியலைப் பார்த்து எடுக்காதீர்கள். அலமாரியைப் பார்த்து எடுங்கள்.

படி 2: தலைப்பை மறந்துவிடுங்கள். ஒவ்வொரு புத்தகமும் எதைப் பற்றியது என்று ஒரு காகிதத்தில் ஒரு சொல் எழுதுங்கள். வீட்டில் வேறொருவரை எழுதச் சொன்னால் இன்னும் நல்லது.

படி 3: பட்டியலைத் திறந்து, தலைப்பு வரிசையில் ஒரு கட்டத்தைத் தேர்வு செய்யுங்கள். டேட்டா மெனுவில் ஃபில்டர் என்பதைக் கிளிக் செய்யுங்கள். ஒவ்வொரு நெடுவரிசையின் உச்சியிலும் சிறிய அம்புக்குறி தோன்றும். 'பொருள்' மேல் உள்ள அம்புக்குறியைக் கிளிக் செய்து, டெக்ஸ்ட் ஃபில்டர்ஸ், பிறகு கன்டெய்ன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து, காகிதத்தில் உள்ள சொல்லை டைப் செய்யுங்கள். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கில் ஆட்டோஃபில்டர் என்ற வசதியைப் பயன்படுத்தலாம்.

படி 4: பத்தில் எத்தனை புத்தகங்கள் வந்தன என்று எண்ணுங்கள். ஆறு வந்தால் உங்கள் பட்டியல் பத்துக்கு நான்கை மறைக்கிறது என்று பொருள்.

இதே சோதனையை இணையத்தில் உள்ள நூல் பட்டியல்களிலும் செய்யலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகம், பல நாட்டு நூலகங்களின் இருப்பைக் காட்டும் வேர்ல்ட்கேட் ஆகியவற்றில் தலைப்பால் தேடி, புத்தகம் உள்ளே இருக்கிறது என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு பொருளால் தேடுங்கள்.

ஏன் தவறுகிறது?

வராமல் போன ஏழு புத்தகங்களையும் மேஜையில் பரப்பி, காரணம் தேடினேன். தமிழில் பட்டியல் போடும் எல்லோருக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

ஒன்று, ஒரே பொருளுக்குப் பல சொற்கள். மூன்று புத்தகங்களின் தலைப்பில் 'கைத்தறி' என்று இருந்தது. ஒன்று 'சாயம்' பற்றியது. மனிதனுக்கு இவை உறவுச் சொற்கள். கம்ப்யூட்டருக்கு வேறு வேறு எழுத்து வரிசைகள்.

இரண்டு, சொல்லின் இறுதி மாறுவது. 'நெசவாளர் கூட்டுறவு' என்று தொடங்கும் ஒரு மலர் வரவில்லை. 'நெசவு' என்று தேடினால் 'நெசவாளர்' வராது. கடைசி உகரத்தை விட்டுவிட்டு 'நெசவ' என்று தேடினால் பெரும்பாலான மென்பொருட்களில் இரண்டும் வரும். ஆனால் அதற்காக ரொம்பவும் குறுக்கிவிடக் கூடாது. 'தறி' என்று தலைப்பில் தேடிப் பாருங்கள். 'கைத்தறி', 'விசைத்தறி' வரும். கூடவே 'கதறிய', 'சிதறிய' எல்லாம் வந்து நிற்கும்!

மூன்று, பொருள் தலைப்பில் இல்லாமல் உள்ளே இருப்பது. ஒன்று நெசவாளர் குடும்பத்தைப் பற்றிய நாவல். நான் 'நாவல்' என்று மட்டும் போட்டிருந்தேன். இன்னொன்று மாவட்ட வரலாறு. அதில் ஒரு அத்தியாயம் நெசவு பற்றியது.

நெசவை விட்டு மற்றப் பொருள்களையும் சோதித்தபோது வேறு இரண்டு காரணங்கள் அகப்பட்டன.

நான்கு, பார்க்க ஒன்று, உள்ளே வேறு. பௌத்தம், பெளத்தம். இரண்டையும் உற்றுப் பாருங்கள். முதலாவதில் ப எழுத்துடன் ஔகாரக் குறி சேர்ந்திருக்கிறது. இரண்டாவதில் 'பெ' என்று டைப் செய்து, பக்கத்தில் 'ள' என்ற தனி எழுத்து போடப்பட்டிருக்கிறது. கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். யூனிகோடில் இரண்டும் வேறு. ஒன்றைத் தேடினால் மற்றது வராது. என் பட்டியலில் நானே இரண்டு விதமாகவும் அடித்திருந்தேன்.

ஐந்து, ஊர்ப்பெயர். எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். சங்கரன்கோவில், சங்கரன்கோயில், பழைய நூல்களில் சங்கரநயினார்கோயில். மாவட்டமும் மாறிவிட்டது. 2019 நவம்பரில் தென்காசி மாவட்டம் உருவாகும் வரை நாங்கள் திருநெல்வேலி மாவட்டம். பழைய புத்தகம் 'திருநெல்வேலி' என்ற சொல்லின் கீழ் இருக்கும். இன்று தேடும் பிள்ளை 'தென்காசி' என்று டைப் செய்யும்.

இரண்டு பேர், இரண்டு பதில்

இன்னொரு சோதனையும் உண்டு. ஒரே புத்தகத்தை இரண்டு பேரிடம் கொடுத்து, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் பொருள் சொற்களை எழுதச் சொல்ல வேண்டும். எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்க வேண்டும். நானும் சித்தி மகளும் செய்தோம். அந்தக் கூட்டுறவு மலருக்கு நான் எழுதியவை: கைத்தறி, கூட்டுறவு, சங்கரன்கோவில். தங்கச்சி எழுதியவை: கைத்தறி, கூட்டுறவு, நெசவாளர், திருநெல்வேலி மாவட்டம்.

கணக்கு இதுதான். இருவருக்கும் பொதுவான சொற்கள் 2. இருவரும் எழுதிய வெவ்வேறு சொற்கள் மொத்தம் 5. இரண்டை ஐந்தால் வகுத்தால் 40 சதவீதம்.

நாற்பதுதானா என்று வருத்தப்பட்டேன். ஆனால் தொழில்முறை ஆட்களின் நிலையும் ரொம்ப உயரத்தில் இல்லை. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் மெட்லைன் டேட்டாபேஸில் 760 கட்டுரைகள் தற்செயலாக இரண்டு முறை இண்டெக்ஸ் செய்யப்பட்டிருந்தன. ஃபங்க், ரீட் என்ற இருவர் அவற்றை ஒப்பிட்டு 1983இல் முடிவை வெளியிட்டார்கள். கட்டுரையின் மையக் கருத்தைக் குறிக்கும் தலைப்புகளில் ஒற்றுமை சுமார் 61 சதவீதம். எல்லா முக்கியத் தலைப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் சுமார் 48 சதவீதம். பயிற்சி பெற்றவர்கள், கையில் சொற்பட்டியல் வைத்துக்கொண்டு செய்த வேலை இது!

ஒன்றை மறக்கக் கூடாது. இருவரும் ஒத்துப்போவதாலேயே சரி என்று ஆகிவிடாது. நாங்கள் இருவரும் நாவலுக்கு 'நாவல்' என்று மட்டும் எழுதியிருந்தால் ஒற்றுமை 100 சதவீதம். பயன் பூஜ்ஜியம்.

சீர்காழிக்காரர் சொன்ன வழி

சரி, திருத்துவது எப்படி? இதற்கு வழி சொன்னவர் நம் ஊர்க்காரர்தான். 1892இல் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது. நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. என் பட்டியல் இரண்டு விதிகளையும் ஒரே நாளில் மீறிவிட்டது.

அவர் வகுத்த சங்கிலி முறையை எளிமையாகச் சொல்கிறேன். ஒரு நூலின் பொருளைப் பெரியதிலிருந்து சிறியதாகக் கண்ணி கண்ணியாக எழுதுங்கள். தொழில், ஜவுளி, கைத்தறி, கூட்டுறவு. பிறகு கடைசிக் கண்ணியிலிருந்து பின்னோக்கி வந்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு வாசல் வையுங்கள். 'கூட்டுறவு' என்று தேடுபவரும், 'கைத்தறி' என்று தேடுபவரும், 'ஜவுளி' என்று தேடுபவரும் ஒரே நூலுக்கு வந்து சேர வேண்டும். பிரிட்டனின் தேசிய நூல் பட்டியல் 1950 முதல் 1970 வரை இந்த முறையைத்தான் கையாண்டது.

அடுத்தது, 'காண்க' குறிப்பு. பப்மெட் தளத்தில் ஆங்கிலத்தில் ஹார்ட் அட்டாக் என்று தேடினால், அது மருத்துவர்கள் எழுதும் மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன் என்ற தலைப்பையும் தானாகச் சேர்த்துத் தேடும். உங்கள் வீட்டுப் பட்டியலில் இதற்கு இரண்டாவது ஷீட் ஒன்று போதும். இடப்பக்கம் மக்கள் சொல்லும் சொல், வலப்பக்கம் நீங்கள் தேர்ந்தெடுத்த சொல். 'சங்கரன்கோயில் என்றால் சங்கரன்கோவில் காண்க' என்பது போல. தேடுமுன் இந்த ஷீட்டைப் பார்த்துக்கொள்ளலாம்.

சொற்களை அள்ளிக் கொட்டவும் கூடாது. திருவள்ளுவர் நெசவுத் தொழில் செய்தவர் என்று மரபாகச் சொல்வதுண்டு. அதை நினைத்துத் தங்கச்சி, வள்ளுவர் வாழ்க்கை நூல் ஒன்றுக்கு 'நெசவு' என்று போட்டுவிட்டாள். இப்படி எல்லாவற்றுக்கும் போட்டால் ரீகால் ஏறும், பிரிசிஷன் இறங்கும். அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ், ஒரு பொருள் நூலில் குறைந்தது 20 சதவீத இடமாவது பிடித்திருந்தால்தான் அதற்குத் தலைப்பு கொடுப்பது என்று பொது விதி வைத்திருக்கிறது. நாங்களும் அதையே பின்பற்றினோம். அதனால் மாவட்ட வரலாறு மட்டும் 'நெசவு' சொல் பெறாமல் நின்றுவிட்டது.

திருத்திய பின்

நூலுக்கு மூன்று முதல் ஐந்து பொருள் சொற்கள் என்று 412 நூல்களையும் திருத்த எட்டு நாட்கள் ஆயின. பொருள் நெடுவரிசையில் 'நெசவு' என்று மறுபடி தேடினேன். 10 வந்தன. அவற்றில் 9 சரி, ஒன்று வள்ளுவர். ரீகால் 90, பிரிசிஷனும் 90.

இப்போதெல்லாம் சொல் சூட்டும் வேலையைக் கம்ப்யூட்டரே செய்கிறது. மெட்லைன் கூட 2022 முதல் தானியங்கி முறைக்கு மாறி, மனிதர்கள் சரிபார்க்கும் ஏற்பாட்டை வைத்துக்கொண்டது. யார் சூட்டினாலும் சோதனை அதேதான். தெரிந்த பத்து நூல்களை எடுங்கள், தேடுங்கள், எண்ணுங்கள்.

புதிய பட்டியலை அந்தப் பெண்ணிடம் காட்டினேன். கல்லூரியில் தலைப்பை மறுபடி மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டாள். எனக்கு முகத்தில் அடித்தது போல இருந்தது. ஆனாலும் ஒன்பது புத்தகங்களையும் அப்பாவுக்குப் படித்துக்காட்ட எடுத்துப் போனாள். திருப்பிக் கொடுக்கும்போது ஒரு காகிதமும் கொடுத்தாள். பாவு, ஊடை, நாடா, அச்சு என்று அவள் அப்பா சொல்லச் சொல்ல எழுதிய சொற்கள். "எங்க தெருவுல இப்படித்தாண்ணே தேடுவாங்க" என்றாள். எனக்கோ தங்கச்சிக்கோ பெரியப்பாவுக்கோ தோன்றாத சொற்கள் அதில் இருந்தன. எல்லாவற்றையும் 'காண்க' ஷீட்டில் ஏற்றிவிட்டேன்.

நீங்களும் பட்டியல் போட்டு முடித்ததும், அதைப் பயன்படுத்தப் போகிறவர் ஒருவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துத் தேடச் சொல்லுங்கள். அவர் முதலில் எந்தச் சொல்லை டைப் செய்கிறார் என்று கவனியுங்கள். அது உங்கள் பட்டியலில் இல்லாவிட்டால், அவர் எழுந்து போவதற்கு முன் சேர்த்துவிடுங்கள்.